எம்ஜிபி தானுந்தின் முன் சாய்வுத் தடுப்புத் தண்டு

சாய்வுத் தடுப்புத் தண்டு என்பது தானுந்து ஒன்று வளைவில் திரும்பும்போது அதன் உடற்பகுதி வெளிப்புறமாகச் சாய்வதைக் குறைப்பதற்காக, இடப்புறச் சக்கரத்தையும் வலப்புறச் சக்கரத்தையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் எஃகுத் தண்டு ஆகும். இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட எம்ஜிபி என்னும் இருவர் அமரும் விளையாட்டுத் தானுந்தில் இத்தண்டு முதலில் விருப்பப் பொருளாக இருந்து, பின்னர் நிலையான உறுப்பாகி, 1974இல் நீக்கப்பட்டு, 1976இல் முன்னிலும் தடிமனாகத் திரும்பி வந்தது. பழைய தானுந்துகளைப் பேணுவோர் இன்று எம்ஜிபியில் செய்யும் மாற்றங்களுள் முன் தண்டைத் தடித்ததாக மாற்றுவது மிகவும் பரவலான ஒன்று. செலவு குறைவு, வேலை எளிது, மாற்றம் உடனே தெரியும் என்பன இதற்குக் காரணங்கள். எனினும் தண்டு என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதை அறியாமல் மாற்றினால் வண்டி முன்னதைவிட மோசமாகத் திரும்பவும் கூடும்.

பெயர்

இவ்வுறுப்பு அமெரிக்காவில் சுவே பார் என்றும், பிரித்தானியாவில் ஆன்ட்டி ரோல் பார் என்றும் அழைக்கப்படுகிறது. இந்தியப் பட்டறைகளில் ஸ்டெபிலைசர் பார் என்ற பெயரே வழங்குகிறது. பிரித்தானிய வழக்கில் சில வேளைகளில் இதனைச் சுருக்கி ரோல் பார் என்பதும் உண்டு. இது குழப்பம் தரும் வழக்காகும். ஏனெனில் வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரின் தலையைக் காக்க இருக்கைக்குப் பின்னால் பொருத்தப்படும் வளைகுழாய்க்கும் அதே பெயர் உள்ளது. இக்கட்டுரையில் சாய்வுத் தடுப்புத் தண்டு அல்லது சுருக்கமாகத் தண்டு என்ற சொல் ஆளப்படுகிறது.

இயங்கும் முறை

தண்டு மேலிருந்து பார்த்தால் அகன்ற பகர வடிவில் இருக்கும். அதன் நீண்ட நடுப்பகுதி வண்டியின் குறுக்காகச் சென்று, இரண்டு இடங்களில் ரப்பர் புஷ்களால் வண்டியின் உடலோடு பற்றப்பட்டிருக்கும். இரு முனைகளும் மடிந்து இரண்டு கைகளாக நீள்கின்றன. ஒவ்வொரு கையின் நுனியும் ஒரு குறுகிய இணைகோல் வழியாக அந்தந்தப் பக்கத்துச் சக்கரத்தைத் தாங்கும் அமைப்புடன் இணைக்கப்படுகிறது.

இரு சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஒரே அளவு மேலெழுந்தால், எடுத்துக்காட்டாகச் சாலையின் குறுக்கே அமைந்த வேகத்தடையின்மீது ஏறினால், தண்டு முழுவதும் புஷ்களுக்குள் சுழல்கிறது, அவ்வளவே. அப்போது அது எவ்வித எதிர்ப்பும் காட்டுவதில்லை. ஆனால் ஒரு சக்கரம் மேலேயும் மற்றது கீழேயும் நகர்ந்தால் தண்டின் நடுப்பகுதி முறுக்கப்படுகிறது. முறுக்கப்பட்ட எஃகு தன் பழைய நிலைக்குத் திரும்ப முயல்வதால் இரு சக்கரங்களையும் மீண்டும் ஒரே மட்டத்திற்குக் கொண்டுவர முனைகிறது. வளைவில் திரும்பும் வண்டியின் உடல் சாயும்போது நிகழ்வது இதுவே. எனவே தண்டு சாய்வை மட்டும் எதிர்க்கும் ஒரு வில் எனலாம். நேர்ச்சாலையில் பயணத்தின் மென்மையைக் கெடுக்காமல் வளைவில் மட்டும் வண்டியை இறுக்கமாக்க முடிவது இதன் பெருஞ்சிறப்பு.

ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது இச்சிறப்பு குறைபாடாக மாறுகிறது. இடச் சக்கரம் விழும் குழியை வலச் சக்கரமும் ஓரளவு உணர்கிறது. தண்டு தடிக்கத் தடிக்க மேடுபள்ளமான சாலையில் வண்டி இடமும் வலமுமாகத் தலையாட்டுவதற்கு இதுவே காரணம்.

இத்தகைய தண்டுக்கான முதல் காப்புரிமங்களுள் ஒன்று கனடாவின் நியூ பிரன்சுவிக் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவருக்கு 1919இல் வழங்கப்பட்டது. ஆயினும் முன் சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே மேலும் கீழும் அசையும் அமைப்பு பரவிய பின்னரே தண்டின் தேவை பெருகியது.

எம்ஜிபியின் தொங்கல் அமைப்பு

எம்ஜிபி, அதற்கு முந்திய எம்ஜிஏ போலத் தனிச் சட்டகத்தின்மீது கட்டப்பட்டதன்று. உடலே சட்டகமாகவும் இயங்கும் ஒற்றையுடல் வண்டி. இதன் இயந்திரம் 1798 கன சென்ட்டிமீட்டர் கொள்ளளவுடையது. முன்புறத்தில் சுருள்வில்லும், கீழே கவை வடிவக் கையும் உண்டு. மேற்கையாக வேலை செய்வது நெம்புகோல் வகை அதிர்வுத் தணிப்பானின் கையே. இன்றைய வண்டிகளில் உள்ள குழாய் வடிவத் தணிப்பான் இதில் இல்லை. பின்புறத்தில் இரு சக்கரங்களையும் இணைக்கும் திண்ணிய அச்சும், லாரிகளில் காணப்படுவதைப் போன்ற பட்டை வில்களும் உள்ளன. 1962இலேயே இது பழைய பாணி அமைப்புத்தான். ஆனால் எளிமையும் உறுதியும் உடையதாகையால் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் இதே அடிப்படையில் தயாரிக்கப்பட்டன.

முன் தண்டு, முன் குறுக்குச் சட்டத்திற்கு முன்பாக, இடம் வலம் அமைந்த நீள்சட்டங்களின் அடியில் பற்றப்பட்டிருக்கும். தண்டு பக்கவாட்டில் நகர்ந்துவிடாமல் இருக்க அதன்மீது தடை வளையங்கள் இறுக்கப்பட்டிருக்கும்.

1965இல் வெளிவந்த, மூடிய கூரையுடைய எம்ஜிபி ஜிடி கூடுதல் எடை கொண்டிருந்ததால் தொடக்கம் முதலே அதில் தண்டு இடம்பெற்றது. திறந்த கூரையுடைய ரோட்ஸ்டர் வகையில் முதலாண்டுகளில் விரும்பிப் பணம் கட்டுவோருக்கு மட்டுமே பொருத்தப்பட்ட தண்டு, 1966இல் நிலையான உறுப்பாயிற்று. ரோட்ஸ்டரில் 9/16 அங்குலத் தண்டும் ஜிடியில் 5/8 அங்குலத் தண்டும் பயன்பட்டன.

1974ஆம் ஆண்டு மாற்றம்

எம்ஜிபியின் மிகப் பெரிய சந்தை அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்கு 1973ஆம் ஆண்டு மாதிரிகள் முதல், மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்புறம் மோதினாலும் விளக்கு முதலிய பாதுகாப்பு உறுப்புகள் கெடாதவாறு பம்பர் அமைய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பம்பர் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதும் அடுத்து வரையறுக்கப்பட்டது. வண்டியின் முன்புறத்தை முழுவதுமாக மாற்றி வடிவமைக்க அப்போதைய உரிமையாளரான பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம் முற்படவில்லை. மாறாக 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில், குரோமியப் பம்பர்களுக்குப் பதிலாக எஃகு உள்ளீடு கொண்ட கனமான கருநிறப் பம்பர்களைப் பொருத்தி, வண்டியின் உடலையே ஓர் அங்குலத்திற்கு மேல் உயர்த்தியது. அதே சமயத்தில் ரோட்ஸ்டர் வகையில் முன் தண்டு நிலையான உறுப்புகளின் பட்டியலிலிருந்து செலவைக் குறைக்கும் பொருட்டு நீக்கப்பட்டது.

உயரமும் எடையும் கூடிய வண்டிக்குத் தண்டு முன்னிலும் கூடுதலாகத் தேவைப்பட்ட நேரத்தில் அது எடுக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. இவ்வண்டிகளின் கையாளுமை கெட்டது என்பதில் எம்ஜிபி பற்றி எழுதுவோரிடையே பெரிதும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பழி பெரும்பாலும் உயரத்தின் மேலேயே போடப்படுகிறது. ஒரு தோராயக் கணக்கு இதைத் தெளிவாக்கும்.

1000 கிலோகிராம் எடையுள்ள வண்டி, தரையிலிருந்து 50 சென்ட்டிமீட்டர் உயரத்தில் எடை மையம், இட வல சக்கரங்களுக்கிடையே 125 சென்ட்டிமீட்டர் என வைத்துக்கொள்வோம். எம்ஜிபியின் அளவுகள் இவற்றுக்கு நெருக்கமானவையே. புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.7 மடங்கு பக்கவாட்டு முடுக்கத்துடன் வண்டி திரும்பினால், உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு 280 கிலோகிராம் சுமை பெயர்கிறது. எடை மையத்தை 3 சென்ட்டிமீட்டர் உயர்த்தினால் அது ஏறத்தாழ 297 ஆகிறது. அதாவது வேறுபாடு 6 விழுக்காடு மட்டுமே. உயரம் மட்டுமே குற்றவாளி என்றால் வண்டி சற்றே கெட்டிருக்கும், அவ்வளவாகக் கெட்டிருக்காது.

தண்டு இல்லாததால் ஏற்பட்ட விளைவு இதனினும் பெரிது, அது இருவகைப்பட்டது. முதலாவது, முன்புறம் சாய்வை எதிர்க்கும் ஆற்றல் குறைந்ததால் உடலின் சாய்வு கூடியது. இரண்டாவது, முன்புறம் ஏற்க மறுத்த பங்கைப் பின்புறம் ஏற்க நேர்ந்தது. இதன் பொருளை அடுத்த பகுதியில் காணலாம். இவற்றோடு பட்டை வில்லின் இயல்பும் சேர்ந்துகொண்டது. வண்டியை உயர்த்துவதற்காக மிகுதியாக வளைக்கப்பட்ட பட்டை வில், வெளிப்புறத்தில் அழுந்தும்போது நிமிர்ந்து அச்சைப் பின்னுக்குத் தள்ளுகிறது. உட்புறத்தில் தளரும்போது மேலும் வளைந்து அச்சை முன்னுக்கு இழுக்கிறது. இதனால் பின் அச்சு முழுவதும் சிறிது கோணலாகி, பின் சக்கரங்கள் வளைவுக்கு வெளிப்புறம் நோக்கித் திரும்புகின்றன. ஓட்டுநர் கைச்சக்கரத்தைத் திருப்பாமலே வண்டி தானாகக் கூடுதலாகத் திரும்புகிறது. சாய்வு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு இவ்விளைவும் கூடும்.

1977ஆம் ஆண்டு மாதிரிகளுக்காக 1976இன் நடுவில் செய்யப்பட்ட திருத்தத்தில் ரோட்ஸ்டருக்கு முன்னிலும் தடித்த முன் தண்டு திரும்ப வந்தது. பின்புறத்திலும் முதன்முறையாக ஒரு தண்டு சேர்க்கப்பட்டது. வண்டியின் உயரம் 1980இல் தயாரிப்பு நிற்கும் வரை குறைக்கப்படவேயில்லை. ஆயினும் கையாளுமை கணிசமாகத் திருந்தியது. உயரத்தைவிடத் தண்டே முதன்மையானது என்பதற்கு இதனினும் நல்ல சான்று தேவையில்லை.

இன்று 1974 இறுதி முதல் 1976 நடுப்பகுதி வரையிலான ரோட்ஸ்டர் ஒன்றை வாங்குவோர் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது முன் தண்டு உள்ளதா என்பதையே. பல வண்டிகளில் பின்னாளைய உரிமையாளர்கள் அதனைப் பொருத்தியிருப்பர். பொருத்தப்படாத வண்டிகளும் உள்ளன.

சுமைப் பெயர்ச்சியும் சமநிலையும்

தண்டு பற்றிய மிகப் பரவலான தவறான கருத்து, அது வளைவில் வெளிப்புறச் சக்கரங்களுக்குச் செல்லும் சுமையைக் குறைக்கிறது என்பதாகும். மேலே கண்ட 280 கிலோகிராம் என்ற அளவு வண்டியின் எடை, எடை மையத்தின் உயரம், சக்கரங்களின் இடைத்தொலைவு, பக்கவாட்டு முடுக்கம் ஆகிய நான்கினால் மட்டுமே தீர்மானிக்கப்படுகிறது. அதில் வில்லுக்கோ தண்டுக்கோ குறிப்பிடத்தக்க இடமில்லை. சாய்வே இல்லாத ஒரு வண்டியிலும் அதே அளவு சுமைதான் பெயரும்.

தண்டு தீர்மானிப்பது வேறொன்று. அந்த 280 கிலோகிராமில் எவ்வளவு முன் சக்கரங்கள் வழியாகவும் எவ்வளவு பின் சக்கரங்கள் வழியாகவும் பெயர வேண்டும் என்ற பங்கீடே அது. முன் தண்டு தடித்தால் முன்பங்கு கூடும், பின்பங்கு குறையும்.

இப்பங்கீடு ஏன் முக்கியம் என்பதற்கு டயரின் இயல்பே விடை. ஒரு டயரின்மீது சுமை இருமடங்கானால் அதன் பிடிப்பு இருமடங்காவதில்லை. அதைவிடக் குறைவாகவே உயர்கிறது. எனவே சமமாகச் சுமை தாங்கும் இரு டயர்களின் மொத்தப் பிடிப்பு, ஒன்று மிகுதியாகவும் மற்றது குறைவாகவும் சுமை தாங்கும் அதே இரு டயர்களின் பிடிப்பைவிடக் கூடுதலாகும். முன்புறத்தில் சுமைப் பெயர்ச்சி மிகுந்தால் முன் டயர்களின் மொத்தப் பிடிப்பு குறைகிறது. அப்போது கைச்சக்கரத்தைத் திருப்பிய அளவுக்கு வண்டி திரும்பாமல் வளைவின் வெளிப்புறம் நோக்கி நேராகச் செல்ல முனைகிறது. இது குறைதிரும்பல் எனப்படும். பின்புறத்தில் பெயர்ச்சி மிகுந்தால் பின் சக்கரங்கள் முதலில் வழுக்கி வண்டி சுழல முற்படும். இது மிகைதிரும்பல் ஆகும்.

பொதுவாகச் சாலையில் ஓட்டும் எவருக்கும் குறைதிரும்பலே பாதுகாப்பானது. முன்புறம் வழுக்கும்போது மிதியிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் குறைப்பது மனிதரின் இயல்பான செயல். அப்போது அதுவே பெரும்பாலும் சரியான செயலும் ஆகும். பின்புறம் வழுக்கும்போது அதே செயல் நிலைமையை மேலும் மோசமாக்கும். 1974 முதல் 1976 வரையிலான ரோட்ஸ்டரில் நீக்கப்பட்டது சில கிலோகிராம் எஃகு மட்டுமன்று. ஈரச்சாலையில் தடுமாறும் ஓட்டுநருக்கு இருந்த இந்தத் தயவும் அதனுடன் சேர்ந்தே போயிற்று.

அப்படியானால் தடித்த முன் தண்டு எப்போதும் குறைதிரும்பலையே தருமா? ஏட்டுக் கணக்கின்படி ஆம். நடைமுறையில் எப்போதும் அவ்வாறில்லை. உடல் சாயும்போது முன் சக்கரங்களும் ஓரளவு உடன் சாய்ந்து, வெளிப்புற டயர் தன் முழு அகலத்தாலன்றி ஓரத்தால் மட்டும் சாலையை அழுத்துகிறது. சாய்வு மட்டுப்பட்டால் டயர் நிமிர்ந்து நிற்கிறது. இதனால் கிடைக்கும் பிடிப்பு, சுமைப் பெயர்ச்சியால் இழந்த பிடிப்பை ஈடுசெய்வதும் உண்டு. அதனை விஞ்சுவதும் உண்டு. மேலும் பின்புற உட்சக்கரத்தின்மீது கூடுதல் சுமை நிற்பதால் வளைவிலிருந்து வெளியேறும்போது அது வீணாகச் சுழல்வது குறைகிறது. வழுக்குத் தடுப்பு டிஃபரன்ஷியல் இல்லாத எம்ஜிபி போன்ற பின்சக்கர இயக்க வண்டிக்கு இது சிறிய நன்மையன்று. மாறாகப் பின் தண்டு மட்டும் தடிமனாக்கப்பட்டால் அதே உட்சக்கரம் தரையை விட்டு எழவும் கூடும்.

தடிமனும் நான்காம் அடுக்கும்

முறுக்கத்திற்கு ஒரு திண்ணிய உருளைத் தண்டு காட்டும் எதிர்ப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கிற்கு நேர்விகிதத்தில் உள்ளது. கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும் வேறுபாடு சாலையில் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. தொடக்கக் கால ரோட்ஸ்டரின் தண்டை 1 எனக் கொண்டால், நீளமும் வடிவமும் மாறாத நிலையில், பிற தண்டுகளின் விறைப்பு பின்வருமாறு அமையும்.

9/16 அங்குலம் (14.3 மிமீ): 1.0
5/8 அங்குலம் (15.9 மிமீ): 1.5
3/4 அங்குலம் (19.05 மிமீ): 3.2
7/8 அங்குலம் (22.2 மிமீ): 5.9

3/4, 7/8 அங்குலத் தண்டுகள் உதிரி உறுப்பு வணிகர்களிடம் இவ்வண்டிக்கெனக் கிடைப்பவை. பட்டியலில் அருகருகே அச்சிடப்பட்டிருக்கும் இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மடங்கு வேறுபாடு உள்ளது என்பதை வாங்குவோர் பலர் உணர்வதில்லை.

விசையின் அளவை உணர ஓர் எடுத்துக்காட்டு காணலாம். முறுக்கப்படும் பகுதி 90 சென்ட்டிமீட்டர், கையின் நீளம் 20 சென்ட்டிமீட்டர், விட்டம் 16 மிமீ என்ற அளவுள்ள தண்டொன்றின் இரு நுனிகளுக்கிடையே 5 சென்ட்டிமீட்டர் உயர வேறுபாடு ஏற்பட்டால், ஒவ்வொரு நுனியிலும் ஏறக்குறைய 73 கிலோகிராம் எடைக்கு இணையான விசை தோன்றும். அதே அளவுகளில் 19 மிமீ தண்டுக்கு இது 145 ஆகவும், 22 மிமீ தண்டுக்கு 260 ஆகவும் உயர்கிறது. கைகள் வளைவதையும் ரப்பர் அழுந்துவதையும் இக்கணக்கு கருதவில்லையாதலால் நடைமுறை அளவுகள் இதனினும் குறைவாகவே இருக்கும். ஆனால் இணைகோலும் பற்றிகளும் தாங்க வேண்டிய விசை எவ்வாறு பெருகுகிறது என்பது இதனால் விளங்கும்.

கையின் நீளமும் முக்கியமானது. கை குறுகினால் விறைப்பு அதன் இருபடிக்கு எதிர்விகிதத்தில் கூடும். ஆகவே கையில் இரண்டு மூன்று துளைகளிட்டு, இணைகோலை மாற்றி மாற்றிப் பொருத்தும் வகையில் அமைந்த தண்டுகள் பந்தயத்திற்குப் பயன்படுகின்றன. உள்ளீடற்ற குழாய்த் தண்டுகளும் உண்டு. உள்விட்டம் வெளிவிட்டத்தில் பாதியாக இருந்தால் எடையில் கால் பங்கு குறையும். விறைப்பிலோ பதினாறில் ஒரு பங்கு மட்டுமே குறையும். நடுவிலுள்ள எஃகு முறுக்கத்தை எதிர்ப்பதில் பெரும்பாலும் சும்மா இருக்கிறது என்பதே இதன் பொருள்.

தேர்வு

சாலையில் மட்டும் ஓட்டப்படும் எம்ஜிபிக்கு 3/4 அங்குலத் தண்டே போதுமானது. 9/16 அங்குலத் தண்டுடைய பழைய ரோட்ஸ்டருக்கு இதுவே மும்மடங்கு உயர்வு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 7/8 அங்குலத் தண்டு, அகன்ற நவீன டயர்களும் இறுக்கமான வில்களும் பொருத்தி மூடிய தடத்தில் ஓட்டப்படும் வண்டிகளுக்கு உரியது. பழைய டயர் அளவும் மென்மையான வில்களும் உள்ள வண்டியில் அதனைப் பொருத்தினால் முன்புறம் முரட்டுத்தனமாகவும் திரும்ப மறுப்பதாகவும் ஆகிவிடும்.

இவ்வண்டி 1960களில் வெளிவந்தபோது டயர்களின் பிடிப்பு குறைவு. இன்று அதே 14 அங்குலச் சக்கரத்தில் பொருத்தப்படும் டயர்கள் வளைவில் முன்னைவிடக் கூடுதலாகப் பிடிக்கின்றன. பிடிப்பு கூடினால் பக்கவாட்டு முடுக்கமும், அதனுடன் சாய்வும் கூடும். எந்தக் கோளாறும் இல்லாத வண்டிக்குக்கூடச் சற்றுத் தடித்த தண்டு பொருத்தமாவது இதனால்தான்.

1977க்கு முந்திய வண்டிகளில் பின் தண்டு ஒன்றைச் சேர்க்கும் வழக்கமும் உள்ளது. முன் தண்டைத் தடிமனாக்கி ஓட்டிப் பார்த்த பின்னரே இதனை எண்ணுதல் நன்று. முன் தண்டு இல்லாத வண்டியில் பின் தண்டை மட்டும் பொருத்துவது 1974ஆம் ஆண்டின் பிழையை இருமடங்காக்குவதற்கு ஒப்பாகும்.

தேய்ந்த உறுப்புகளைத் தண்டு ஈடுசெய்யாது. எம்ஜிபியின் நெம்புகோல் தணிப்பான்களில் எண்ணெய் கசிந்து குறைந்திருப்பது மிகச் சாதாரணமாகக் காணப்படும் குறை. தண்டு ஒரு வில்லே ஆதலால் அது அசைவைத் தணிப்பதில்லை. தணிப்பான் கட்டுப்படுத்த வேண்டிய சுமையை மேலும் கூட்டவே செய்கிறது. கீழ்க்கையின் புஷ்கள், நிலைக்குத்துத் திருகுதண்டின் தேய்வு, டயரின் வயது ஆகியவற்றைச் சரிபார்க்காமல் புதிய தண்டு வாங்குவது வீண் செலவு.

பொருத்துதல்

வண்டியின் முன்புறத்தைச் சமமான தரையில் உயர்த்தி, இரு பக்கமும் ஜாக்கி ஸ்டாண்டுகளின்மீது நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்லுதல் ஆகாது. ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்தினால் தண்டு முறுக்கேறிய நிலையில் இருக்கும். இணைகோலைக் கழற்றும் கணத்தில் அது விசையுடன் துள்ளும். இரு சக்கரங்களும் ஒரே மட்டத்தில் தொங்கினால் தண்டில் முறுக்கு இராது, போல்ட்டுகள் இலகுவாகக் கழலும். கீழ்க்கையில் சுருள்வில்லைத் தாங்கும் தட்டின் போல்ட்டுகளை எக்காரணத்தாலும் கழற்றக்கூடாது. அழுந்திய வில் வெளிப்பட்டால் உயிருக்கே ஆபத்தாகும்.

முதலில் இரு இணைகோல்களையும், பிறகு நீள்சட்டத்திலுள்ள பற்றிகளையும் கழற்றியதும் தண்டு கீழே வந்துவிடும். ஐம்பது ஆண்டுகள் சேறும் உப்பும் பட்ட வண்டிகளில் கடினமான பகுதி இதுவே. நீள்சட்டத்தினுள் பதிக்கப்பட்ட நட்டுகள் துருவேறிச் சட்டத்தோடு சேர்ந்து சுழலும். அல்லது போல்ட்டு முறியும். முந்தைய நாளே ஊடுருவும் எண்ணெய் ஊற்றி வைப்பது நல்லது. பற்றி அமரும் இடத்தைச் சுத்தியால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். தகடு மெலிந்திருந்தால் தடித்த தண்டின் விசையை அது தாங்காது. தண்டு வாங்கும் பணத்தைப் பற்றவைப்புக்குச் செலவிடுவதே முறை.

முன்பு தண்டே இல்லாத வண்டியாயின் இணைகோலும் பற்றியும் பொருந்துவதற்கான துளைகள் உள்ளனவா என்பதை உறுப்புகளை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

புஷ்களின் உள்துளை தண்டின் விட்டத்திற்குச் சரியாகப் பொருந்த வேண்டுமாதலால் பழைய புஷ்கள் புதிய தண்டுக்குப் பயன்படா. ரப்பருக்கு மாற்றாகப் பாலியூரித்தேன் புஷ்கள் கிடைக்கின்றன. ரப்பர் அழுந்தி வீணாகும் அந்த முதற்சிறு அசைவு இவற்றில் இல்லையாதலால் தண்டு உடனடியாக வேலை செய்யத் தொடங்கும். ஆனால் ரப்பரைப் போல இவை திருகி இசைந்து கொடுப்பதில்லை; தண்டு இவற்றினுள் வழுக்கிச் சுழல வேண்டும். ஆகையால் சிலிக்கோன் கிரீஸ் தடவாமல் பொருத்தினால் கீச்சொலி எழும். தண்டை இறுகப் பிடித்துக்கொண்டால் நேர்ச்சாலையிலும் பயணம் கடினமாகும். பற்றிகளை இறுக்கிய பின், இணைகோல்களை இணைப்பதற்கு முன், தண்டின் நுனியைக் கையால் தூக்கி விட்டால் அது தன் எடையாலேயே மெல்ல இறங்க வேண்டும். இவ்வெளிய சோதனையைப் பலரும் தவிர்த்துவிடுகின்றனர்.

தடை வளையங்களைப் பற்றிகளுக்கு நெருக்கமாக, தண்டு நடுவில் நிற்குமாறு இறுக்க வேண்டும். இணைகோல்களின் இறுதி இறுக்கத்தை வண்டியைச் சக்கரங்களின்மீது இறக்கிய பின்னரே செய்ய வேண்டும். நீளத்தை மாற்றத்தக்க இணைகோல்களாயின், ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்கு ஈடான சுமையை வைத்து, இரண்டாவது இணைகோலின் போல்ட்டு கை விரலால் தள்ளினாலே நுழையும் வரை நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். வலிந்து இழுத்துப் பொருத்தினால் வண்டி நிற்கும்போதே தண்டில் முறுக்கு ஏறிவிடும். அதன் விளைவாக ஒரு முன் சக்கரமும் அதற்குக் குறுக்காக அமைந்த பின் சக்கரமும் கூடுதல் சுமை தாங்கும். அத்தகைய வண்டி இடப்பக்கம் ஒருவிதமாகவும் வலப்பக்கம் வேறுவிதமாகவும் திரும்பும்.

ஒப்பிடத்தக்க மற்றொரு வண்டி

முன் தண்டைச் செலவு கருதி விட்டுவிட்டதற்கு இன்னும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு அமெரிக்காவின் செவ்ரோலே கோர்வேர் ஆகும். இயந்திரம் பின்புறம் அமைந்த இவ்வண்டி 1960ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்தபோது அதில் முன் தண்டு நிலையான உறுப்பாக இல்லை. பின் சக்கரங்களோ, வளைவில் சக்கரம் உட்புறம் மடங்கக்கூடிய ஊசலச்சு வகையின. 1964ஆம் ஆண்டு மாதிரியில் முன் தண்டு சேர்க்கப்பட்டது; 1965இல் பின் அமைப்பே மாற்றி வடிவமைக்கப்பட்டது. அதே 1965இல் வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் எழுதி வெளியிட்ட நூலின் முதல் இயல் இவ்வண்டியைப் பற்றியதே. தானுந்துப் பாதுகாப்பு அமெரிக்காவில் அரசியல் சிக்கலாக உருவெடுத்ததில் அந்நூலுக்குப் பெரும்பங்கு உண்டு. 1972இல் வெளியான அரசு ஆய்வொன்று, 1960 முதல் 1963 வரையிலான கோர்வேர் அக்காலத்துப் பிற வண்டிகளைவிடக் கவிழும் அபாயம் மிக்கதன்று என முடிவு கூறியது. எம்ஜிபி பற்றி அப்படியொரு நூல் எழுதப்படவில்லை. திறந்த விளையாட்டுத் தானுந்து வாங்குவோர் சிலரே என்பதும், வண்டியின் வேகம் குறைவு என்பதும் காரணங்களாக இருக்கலாம்.

பொருத்திய பின்

முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பற்றிகள், இணைகோல்கள், தடை வளையங்கள் ஆகியவற்றின் இறுக்கத்தை மீண்டும் சரிபார்க்க வேண்டும். முன் சக்கரங்களை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, தண்டின் கை டயரிலோ பிரேக்குக் குழாயிலோ உரசவில்லை என்பதையும் காண வேண்டும். வண்டியின் புதிய இயல்பைப் போக்குவரத்துள்ள சாலையில் சோதிக்கலாகாது. சாய்வு குறைந்த வண்டியில் வேகம் குறைவாகவே தோன்றும். பழைய தண்டுடன் வண்டி நன்றாகச் சாய்ந்து, பிடிப்பின் எல்லை நெருங்குவதை முன்கூட்டியே ஓட்டுநருக்கு உணர்த்தியது. தடித்த தண்டு அவ்வெச்சரிக்கையின் பெரும்பகுதியை எடுத்துவிடுகிறது. எனவே மூடிய தடத்தில், முதலில் உலர்ந்த தரையிலும் பின்னர் ஈரத் தரையிலும் ஓட்டிப் பழகிக்கொள்ள வேண்டும். கழற்றிய பழைய தண்டையும் பற்றிகளையும் எறிந்துவிடாமல் வைத்திருப்பது வழக்கம். பிற்காலத்தில் வண்டியை விற்கும்போது தொழிற்சாலை உறுப்புகள் உடனிருப்பதை வாங்குவோர் விரும்புகின்றனர்.